காவலரே குற்றம் செய்தால் யாரிடம் போவது? – ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய சட்ட வழிகள்



ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், திருடன் மேல புகார்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். போலீஸ் மேலேயே புகார்னா எங்க போறது? அதுக்கும் அதே ஸ்டேஷன்தானா?"

இது கேலிக்காகக் கேட்ட கேள்வியல்ல. அவருக்குத் தெரிந்த ஒரு பையனை இருசக்கர வாகனத் திருட்டு விசாரணை என்று அழைத்துப் போயிருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. மறுநாள் இரவு விட்டுவிட்டார்கள். பையனின் உள்ளங்கால்கள் வீங்கியிருந்தன. அன்று என்னிடம் வந்த குடும்பத்தாருக்கு நான் சொன்னது இதுதான்: "பிள்ளை உயிரோடு வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஒத்தடம் கொடுங்கள், ஓய்வெடுக்கட்டும். பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்வோம்."

மூன்று மாதம் கழித்து அந்தத் தகப்பனார் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "அன்று மருத்துவமனைக்குப் போனீர்களா?" போகவில்லை. போகாததற்கு நான் சொன்ன யோசனையும் ஒரு காரணம். வீக்கம் வடிந்துவிட்டது, அதோடு சான்றும் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டங்களை உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தெரிந்தது இது: காவல் நிலையத்துக்கு வெளியே புகார் கொடுக்கப் பல வாசல்கள் உண்டு. ஆனால், முதல் ஒரு நாளில் நாம் சேர்த்து வைக்கும் சான்று இல்லாவிட்டால் அவற்றில் எதையும் திறப்பது கடினம். சேதராப்பட்டிலும் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலும் இருக்கும் நம் குடும்பங்கள் கையில் வைத்துக்கொள்ளத் தக்க குறிப்பாக இதை எழுதுகிறேன்.

சீருடை குற்றத்தைக் குற்றமல்லாமல் ஆக்காது

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறியுள்ளன. அடிப்படை மாறவில்லை.

ஒருவரிடமிருந்து வாக்குமூலமோ தகவலோ வாங்குவதற்காக அடித்துக் காயப்படுத்துவது பி.என்.எஸ். 120-ஆம் பிரிவின்படி குற்றம். சாதாரணக் காயத்துக்கு 7 ஆண்டுகள் வரை சிறை, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டுகள் வரை. இந்தப் பிரிவை விளக்குவதற்குச் சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரிதான். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் எழுதியவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கிறது!

சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைப்பது 127-ஆம் பிரிவில் வரும். ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் பொய்யாக ஆவணம் எழுதுவது 256-ஆம் பிரிவில் வரும். சான்றை அழிப்பதற்கு 238-ஆம் பிரிவு. உயிர் போனால், மற்றவர்களுக்கு உள்ள அதே கொலைப் பிரிவு 103 காவலருக்கும் உண்டு. பாலியல் வன்கொடுமையைக் காவலர் செய்தால் தண்டனை குறைந்தபட்சமே 10 ஆண்டுகள்.

இத்தனை இருந்தும் அடி ஏன் நிற்கவில்லை? காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாக வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். நகை, வண்டி, பணம் காணாமல் போன வழக்குகளில் 'பொருள் எங்கே' என்று கேட்டு அடிப்பது அதிகம் நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அழைத்துப் போகும்போது கேட்க வேண்டியவை

1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை வகுத்தது. பிறகு அவற்றில் பல சட்டத்திலேயே சேர்ந்தன. ஒரு குடும்பம் மனதில் வைத்திருக்க வேண்டியவை:

– கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். கைது குறிப்பு எழுதப்பட்டு, குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் (பிரிவு 36).

– கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் அதையும் சொல்ல வேண்டும் (பிரிவு 47).

– எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் (பிரிவு 48).

– விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு, விசாரணை முழுக்க அவர் கூடவே இருக்க முடியாது என்றாலும் (பிரிவு 38).

– கைதானவுடன் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும் (பிரிவு 53).

– பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58).

– 3 ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது (பிரிவு 35).

– சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள சிறுவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179).

– 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

'சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம்' என்று சொல்லி, எழுத்து எதுவுமின்றி இரவு முழுக்க வைத்திருப்பதுதான் ஆபத்தான நேரம். கைது என்று எழுதினால் மேலே சொன்ன கடமைகள் தொடங்கிவிடும். எழுதாமலிருந்தால், அப்படி ஒருவர் அங்கே வந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியும்.

சாத்தான்குளத்தில் பொய் எப்படி உடைந்தது?

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸும் அவர் தந்தை ஜெயராஜும் 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மறுநாள் நீதித்துறை நடுவரிடம் காவல் உத்தரவு பெறப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார்.

நிலையத்துக்கு வெளியே இருந்த இரண்டு பாதுகாப்புகள் இங்கே முதலில் தோற்றன. சிறைக்கு அனுப்பலாம் என்ற மருத்துவச் சான்று கிடைத்தது. நடுவர் அவர்களைச் சரியாகப் பார்க்காமலேயே காவலுக்கு அனுப்பினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது.

அந்தக் கதை நிற்கவில்லை. கடைத்தெருவில் பக்கத்துக் கடை ஒன்றின் கேமராவில் பதிவான காட்சி எஃப்.ஐ.ஆரோடு ஒத்துப்போகவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்கே சென்று விசாரித்தார். அங்கே அவருக்கு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. ஒரு காவலர் அவரை இழிவாகப் பேசினார். சிசிடிவி பதிவுகள் அன்றன்று தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டறிந்தார். நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அந்த நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, இரவு முழுக்க நடந்ததை நடுவரிடம் சொன்னார். பயத்தோடுதான் சொன்னார், ஆனால் மறைக்கவில்லை. சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தைப் பாவத்தில் ஆழ்த்தும் என்பது நமக்குச் சொல்லித் தரப்பட்டது. மாற்று மதத்துச் சகோதரி ஒருவர் அதைச் செய்து காட்டினார். ஆய்வாளர் உட்பட காவலர்கள் கைதானார்கள். வழக்கை எடுத்துக்கொண்ட சிபிஐ 2020 செப்டம்பரில் 9 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவர் அதற்குள் கொரோனாவால் இறந்துவிட்டிருந்தார்.

திருப்புவனம்: ஒரு செல்போன் காட்சி

ஐந்து ஆண்டுகள் கழித்து, சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார், பக்தர் ஒருவரின் காரிலிருந்த நகை காணாமல் போன புகாரில் தனிப்படைக் காவலர்களால் விசாரிக்கப்பட்டார். 2025 ஜூன் 28 அன்று இறந்தார். உடலில் 44 காயங்கள் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை காட்டியது.

அவரைக் கோயிலுக்குப் பின்புறம் வைத்து அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் படம் பிடித்திருந்தார். அந்தக் காட்சி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐந்து காவலர்கள் கைதானார்கள். மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது.

இரண்டு வழக்குகளிலும் குற்றத்தை வெளிக்கொண்டு வந்தவர்கள் நடுவர், உடற்கூறு மருத்துவர், சாட்சி சொன்ன காவலர், படம் பிடித்த மனிதர் ஆகியோர். ஒவ்வொருவரும் தம் கையில் இருந்த ஒரு சான்றைக் காப்பாற்றினார்கள். நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் அந்த வேலை முதலில் நம் கையில்தான் வரும்.

முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. நேரத்தை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு, யார் வந்தார்கள், சீருடையா சாதாரண உடையா, வண்டி எண் என்ன, யாரெல்லாம் பார்த்தார்கள். ஒரு நோட்டில் எழுதினாலே போதும்.

2. எழுத்தில் தகவல் அனுப்புங்கள். 'என் மகனை இத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எங்கே என்று தெரியவில்லை' என்று எஸ்.பி.க்கும் டி.ஜி.பி. அலுவலகத்துக்கும் தந்தியைப் போலச் சுருக்கமாக மின்னஞ்சலோ விரைவுத் தபாலோ அனுப்புங்கள். அதில் பதிவாகும் நேரமே பின்னால் சான்று. யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை. நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

3. இலவசச் சட்ட உதவியை அழையுங்கள். 15100 என்பது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. புதுச்சேரிக்குத் தனிச் சட்டப் பணிகள் ஆணையம் உண்டு.

4. நடுவர் முன் வாய் திறக்கச் சொல்லுங்கள். 'அடித்தார்களா?' என்று நடுவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், காயத்தைக் காட்ட வேண்டும். அங்கே சொல்லாமல் விட்டது பிறகு பெரிய தடையாக வரும்.

5. விட்டுவிட்டால் நேரே அரசு மருத்துவமனை. வெளிநோயாளிச் சீட்டு மட்டும் போதாது. யார் அடித்தது, எதனால் அடித்தது, எப்போது என்பதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று பயத்தில் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிடும். காயங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இரத்தக் கறை பட்ட துணியைத் துவைக்காதீர்கள்.

6. கேமராக்களைத் தேடுங்கள். கடை, பெட்ரோல் பங்க், தொழிற்சாலை வாசல் எதுவானாலும் சரி. பல கேமராக்களில் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். காவல் நிலையத்துக்கு உள்ளே உள்ள கேமராக்களைப் பொறுத்தவரை, 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் லாக்கப், வாசல், தாழ்வாரம் தெரியும்படி சிசிடிவி பொருத்தவும், பதிவுகளை 18 மாதம், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும் உத்தரவிட்டது. பதிவைப் பாதுகாக்கக் கோரி உடனே எழுதிக் கொடுங்கள். 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் கேமராக்கள் வேலை செய்யாத நிலை குறித்துத் தானாக வழக்கு எடுக்க வேண்டி வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் உடனே கேட்க வேண்டும்.

புகார் கொடுக்கும் வாசல்கள்

முதல் வாசல், காவல்துறையின் மேலதிகாரி. நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் (பிரிவு 173). கைதுக்குரிய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. புதிய சட்டத்தில், 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் 14 நாள் முன்விசாரணைக்கு இடமுண்டு.

இரண்டாவது, நீதித்துறை நடுவர். எஸ்.பி.யும் கண்டுகொள்ளாவிட்டால் உறுதிமொழிப் பத்திரத்துடன் நடுவரிடம் மனு போடலாம் (பிரிவு 175). ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் செயல் பற்றிய புகாரென்றால், விசாரணைக்கு உத்தரவிடும் முன் நடுவர் மேலதிகாரியின் அறிக்கையைப் பெற்று, அந்த ஊழியரின் விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இதனால் தாமதம் ஆகலாம். எனவே ஏ.ஆர். காப்பி, படங்கள், தபால் ரசீது எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, காவல்துறைப் புகார் ஆணையம். 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்கள் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்றது. மாநில அளவில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்பது கட்டளை. புதுச்சேரியில் இப்படி ஓர் ஆணையம் இருக்கிறது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்துக்கு ஆட்சியரையும் தலைவராக வைத்தது. நிர்வாகத்தின் மீதான புகாரை நிர்வாகமே விசாரிப்பதா என்ற விமர்சனம் அதன் மீது உண்டு.

நான்காவது, தேசிய மனித உரிமை ஆணையம். கட்டணமில்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஆணையம் விசாரிக்கச் சட்டம் அனுமதிக்காது. இழப்பீட்டுக்கும் வழக்குத் தொடுக்கவும் ஆணையம் பரிந்துரைக்கலாம். தண்டனை தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

ஐந்தாவது, சென்னை உயர் நீதிமன்றம். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு. விசாரணையை சிபிசிஐடிக்கோ சிபிஐக்கோ மாற்றவும், இழப்பீட்டுக்கும் ரிட் மனு. மகனைக் காவலில் இழந்த ஒடிசாத் தாய் ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நீலாவதி பெஹெரா வழக்கு என்று அது அறியப்படுகிறது. அரசு இழப்பீடு தருவது குற்ற வழக்குக்கு மாற்றல்ல, இரண்டும் தனித்தனியாக நடக்கும்.

இவற்றோடு தகவல் உரிமைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையப் பொது நாட்குறிப்பு, கைதானோர் பட்டியல் போன்றவற்றைக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில்.

'இது எங்கள் எல்லை இல்லை'

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரியின் நிலப்பரப்பு தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர் வீடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கலாம். பாகூரைத் தாண்டினால் கடலூர். ஒரு பக்கத்து ஆட்களைத் தேடி இன்னொரு பக்கத்துக் காவலர் வருவதும் சாதாரணம். புகாரோடு போனால் 'அந்தப் பக்கம் போங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள், அங்கே போனால் இந்தப் பக்கம் காட்டுவார்கள்.

புதிய சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்துகொள்ள வேண்டும் (பிரிவு 173). 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று இதைச் சொல்கிறார்கள். பதிந்த நகலை இலவசமாகத் தர வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றே என்பதும் நமக்கு வசதி.

காவலில் உயிர் போனால்: ஜனாஸாவும் பிரேதப் பரிசோதனையும்

இதை எழுதவே கை நடுங்குகிறது. ஆனாலும் நம் சமுதாயத்தில் பேசாமல் விடப்படும் விஷயம் இது.

மய்யித்தை விரைந்து அடக்கம் செய்வது நமக்கு சுன்னத். உடலைக் கீறுவதை நாம் வெறுக்கிறோம். இந்த இரண்டு உணர்வும் நல்லவை. ஆனால் காவலில் ஒருவர் இறந்தால், 'சீக்கிரம் வாங்கி அடக்கிவிடுங்கள்' என்று அவசரப்படுத்துபவர்களுக்கு அதே உணர்வுகள் கருவியாகிவிடக் கூடாது. கொலைச் சந்தேகம் உள்ள இடத்தில் உண்மையைக் கண்டறியும் தேவைக்காகப் பிரேதப் பரிசோதனையை ஆலிம்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். உடல்தான் அங்கே முதல் சாட்சி.

காவலில் ஒருவர் இறந்தாலோ காணாமல் போனாலோ, பெண் மீது பாலியல் வன்கொடுமை நடந்ததாகக் குற்றச்சாட்டு வந்தாலோ, காவல்துறை விசாரணை தவிர நடுவர் தனியாக விசாரிக்க வேண்டும் (பிரிவு 196). இயன்றவரை உறவினருக்குத் தகவல் தந்து, விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும். காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 முதல் உள்ள உத்தரவு. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பரிசோதனைக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்கவும், பரிசோதனை முழுதும் வீடியோ எடுக்கவும், அறிக்கையைத் தரவும் நெறிகளை வகுத்தது. நீதிமன்றத்தை நாடப் போவதாகக் குடும்பம் எழுதிக் கொடுத்தால் உடலைப் பாதுகாத்து வைக்கவும் அது வழி செய்தது.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளே, அப்படி ஒரு நாள் வந்தால் கப்ரு வெட்டச் சொல்லும் முன் வழக்கறிஞரை அழையுங்கள். ஒரு நாள் தாமதத்தை அல்லாஹ் அறிவான்.

அரசு அனுமதி என்ற தடை

அரசின் ஒப்புதலின்றிப் பதவிநீக்கம் செய்ய முடியாத அதிகாரி, கடமையின்போது செய்த செயலுக்காக வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள, அரசின் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 218). எல்லை மீறிய செயலானாலும் கடமையோடு நியாயமான தொடர்பு இருந்தால் அனுமதி தேவை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கடமையோடு தொடர்பே இல்லாத குற்றத்துக்கு இந்தக் காப்பு இல்லை என்றும் சொல்லியிருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

புதிய சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. அனுமதி கேட்டு 120 நாட்களுக்குள் அரசு முடிவு செய்யாவிட்டால், அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். பாலியல் குற்றங்களுக்கு அனுமதியே தேவையில்லை. கீழ்நிலைக் காவலர்கள் பொதுவாக இந்தப் பிரிவில் நேரடியாக வருவதில்லை. அரசு தனி அறிவிக்கை மூலம் சேர்த்திருந்தால்தான் வருவார்கள். இதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமரசம் பேசும் முன்

நாம் சுலுஹை விரும்பும் சமுதாயம். கணவன் மனைவிக்கிடையே, பங்காளிகளுக்கிடையே சமரசம் செய்து வைப்பது பெரிய நன்மை. அந்தப் பழக்கத்தில், காவலர் அடித்த விஷயத்தையும் யாரோ ஒரு பிரமுகர் முன்னிலையில், கொஞ்சம் மருத்துவச் செலவு வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் யோசனை சொன்னேன்.

கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு மன்னிக்கும் உரிமையை ஷரீஅத் தந்திருக்கிறது. ஆனால் அது மனம் ஒப்பித் தரும் மன்னிப்பு. 'இன்னொரு மகன் மீதும் வழக்குப் போடுவோம்' என்ற பயத்தில் போடும் கையெழுத்துக்கு மன்னிப்பு என்று பெயரில்லை. நாட்டுச் சட்டத்திலும் கொலையோ, வாக்குமூலத்துக்காகச் சித்திரவதை செய்யும் குற்றமோ இரு தரப்பும் பேசி முடிக்கத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. அப்படி எழுதி வாங்கிய தாள் வழக்கை முடிக்காது, சாட்சிகளின் வாயை மட்டும் மூடும்.

பொறுமையாக நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைவாழ் மக்களைக் கேளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரில் புகுந்து வீடுகளைச் சூறையாடி, மக்களை அடித்து, 18 பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லப்பட்டது. 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. 31 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு ஏழையான ஓர் ஊர் தன் சாட்சியத்தை அத்தனை ஆண்டுகளும் விற்கவில்லை.

நம் வரலாற்றில் ஒரு நீதிமன்றம்

ஆட்சியாளரும் அதிகாரிகளும் செய்யும் அநீதியை விசாரிப்பதற்கென்றே இஸ்லாமிய ஆட்சிகளில் 'மழாலிம்' என்ற தனி மன்றம் இருந்தது. இமாம் மாவர்தீ ஆட்சிமுறை பற்றிய தம் நூலில் அதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். சாதாரண காழியால் கட்டுப்படுத்த முடியாத அதிகாரம் படைத்தவர்களை விசாரிக்க, அதைவிட அதிகாரமுள்ள ஒரு மன்றம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. எகிப்து ஆளுநரின் மகன் தன்னை அடித்துவிட்டான் என்று ஒரு கிப்தி கிறிஸ்தவர் மதீனா வரை வந்து முறையிட, உமர் (ரலி) ஆளுநரையும் மகனையும் வரவழைத்து, அடிபட்டவர் கையிலேயே சாட்டையைக் கொடுத்த நிகழ்வை நாம் மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்த மனிதர் எகிப்திலிருந்து கிளம்பி வந்ததால்தான் நமக்கு அந்த நிகழ்வே கிடைத்தது. அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் உமருடைய நீதிக்கு வேலையே இருந்திருக்காது.

காவல்துறை முழுதும் கெட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை. நம் பிள்ளைகளும் அந்தச் சீருடையை அணிகிறார்கள், அணிய வேண்டும். இரவில் ரோந்து வருபவர்களால்தான் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். குற்றம் செய்த காவலர் தண்டிக்கப்படுவது நேர்மையாகப் பணி செய்யும் காவலருக்கும் பாதுகாப்பு.

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். எதிரே வரும்போதெல்லாம் ஸலாம் சொல்கிறான். அவன் அத்தாவிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரிதான்: 'முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், ஏ.ஆர். காப்பி வாங்குங்கள்.' இதைப் படிப்பவர்கள் தம் மஹல்லாவில் ஒருவருக்காவது அந்த வரியைச் சொல்லி வையுங்கள்.

அநீதி இழைப்பவர்களாகவும் இழைக்கப்படுபவர்களாகவும் ஆகாமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.